கஷாயமும் அதன் பையும்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அத்தை எழுதுகிறேன். தைனானில் மழை விட்டதா? போன வாரம் வீடியோவில் பார்த்தேன். நடுராத்திரியில், கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ் சூப்பை பிளாஸ்டிக் பையிலிருந்து கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டே, பிள்ளை பெற்றவர்களின் சிறுநீரில் பிளாஸ்டிசைசர் அளக்கப் போகிறேன் என்கிறாய். ஊராரை அளப்பதற்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிக்கொள்ளடி. பாத்திரம் கொண்டுபோனால் கடைக்காரர் அதிலேயே ஊற்றித் தருவார் என்று நீதானே சொன்னாய்.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ‘மாதம் காக்கும்’ பெண்கள் குடிக்கிற மூலிகைக் கஷாயத்தால் உடம்பில் தாலேட் என்ற அந்தப் பிளாஸ்டிசைசர் ஏறுகிறதா என்பது உங்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் பாதியில் நிற்கிறது. ‘ஷெங்ஹுவா தாங்’ என்ற அந்தக் கஷாயத்தில் என்ன இருக்கிறது? தாங்குவேய் வேர், சுவான்ஷியோங், பீச் பருப்பு, சுட்ட இஞ்சி, அதிமதுரம். 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஃபூ ஷானின் பெயரில் வழங்கும் மருந்து. அவர் காலத்தில் பிளாஸ்டிக் ஏது? மண்ணிலோ உலர்த்தும் களத்திலோ வேர் கொஞ்சம் தாலேட்டை வாங்கியிருக்கலாம், அதையும் அளந்து பார். அதோடு, மண்சட்டியில் காய்ச்சிக் குடித்தாளா, கடையில் இயந்திரத்தில் காய்ச்சிச் சூட்டோடு பையில் அடைத்ததா, அந்தப் பையை வெந்நீரில் போட்டுச் சூடுபண்ணினாளா, பொடியா, கேப்சூலா என்று ஒவ்வொருத்தியிடமும் கேள். ‘மூலிகை உண்டா, இல்லையா’ என்று இரண்டே கட்டம் போட்ட படிவம் எனக்குப் பிடிக்கவில்லை.

மாத்திரை, கேப்சூலை ஏன் கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? 2004-இல் அமெரிக்காவில் ஒருவரைப் பற்றி எழுதினார்கள், தேடிப் படி. குடல் அழற்சிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அவர் சிறுநீரில் டிபிபி என்ற தாலேட்டின் சிதைபொருள், பெரும்பாலான ஆண்களிடம் காணப்படும் அளவைவிட நூறு மடங்குக்கு மேல் இருந்தது. காரணம் மருந்தல்ல. வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரையட்டும் என்று மாத்திரைக்குப் பூசியிருந்த பூச்சு.

அடுத்தது ஆஸ்பத்திரி. பிரசவத்தின்போது டிரிப் ஏற்றியிருப்பார்கள். சிசேரியன் என்றால் இன்னும் நிறைய. அந்தப் பிவிசி பையிலும் குழாயிலும் டிஇஎச்பி என்ற இன்னொரு தாலேட் இருக்கக்கூடும். அது உடம்புக்குள் போனால் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியே வந்துவிடும். பிரசவமான மறுநாள் சிறுநீரை வாங்கி அளந்துவிட்டு, கஷாயத்தின் மேல் பழிபோட்டால் எப்படி? எத்தனை மணிக்குக் கஷாயம் குடித்தாள், எத்தனை மணிக்குச் சிறுநீர் எடுத்தாய், டிரிப் எப்போது கழற்றினார்கள், மூன்றையும் குறித்துக்கொள். ஒரே தடவை எடுத்ததை நம்பாதே, வெவ்வேறு நாளில் எடு. வாசனை கிரீம், நகப்பூச்சு எல்லாவற்றையும் விசாரி. பிள்ளை பெற்றவர்கள் ஓயாமல் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள், சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும், கிரியேட்டினினை அளந்து அதற்கேற்பக் கணக்கைத் திருத்த மறக்காதே.

குடிநீர் ஆய்வகத்திலேயே தலை நரைத்தவள் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்ல உரிமை உண்டு. டிஇஎச்பி ஆய்வகத்தின் காற்றிலும் இருக்கும், குழாயிலும் இருக்கும், வினைல் கையுறையிலும் இருக்கும். அதனால்தான் அதை நேரே அளக்காமல் சிதைபொருளை அளக்கிறோம். அதிலும் எம்இஎச்பி என்ற சிதைபொருளை மட்டும் நம்பாதே, அது புட்டியிலேயே உண்டாகிவிடும். உடம்புக்குள் போய் ஆக்சிஜனேற்றம் அடைந்து வந்தவற்றைப் பார்; அவை பொய் சொல்லாது. சிறுநீர் இல்லாத வெற்று மாதிரி ஒன்றை எல்லாச் சடங்குக்கும் கூடவே கூட்டிக்கொண்டு போ. அலுப்பாக இருக்கும் நாளில்தான் அதை விட்டுவிடத் தோன்றும். உன் சின்ன வயதுச் சமையலில் உப்பு விடுபட்ட மாதிரி இதுவும் விடுபட்டுவிடக் கூடாது.

2011-இல் நீ இப்போது இருக்கும் தைவானையே உலுக்கிய விவகாரம் தெரியும்தானே? சத்துப் பொடி ஒன்றில் கள்ளத்தனமாக மருந்து கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் அரசு ஆய்வகத்து அம்மா ஒருவர். கருவியின் வரைபடத்தில், தேடாத இடத்தில் ஒரு முகடு எழுந்தது. ‘நமக்கெதற்கு’ என்று அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்தால் டிஇஎச்பி. பழச்சாற்றைக் கலங்கலாகக் காட்டச் சேர்க்கும் பொருளில், பாமாயிலுக்குப் பதில் மலிவாக இதைக் கலந்திருந்தார்கள். பானம், ஜாம், மாத்திரை என்று கடைகடையாக எடுத்து அழிக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாவைப் போல ஒரு முகட்டுக்காக மெனக்கெடுகிற பெண்ணாக நீ இருந்தால் எனக்குப் போதும்.

நீ பிறந்தபோது உன் பாட்டி பிரசவ லேகியம் கிண்டினாள். சுக்கும் மிளகும் நெய்யுமாக வீடே மணத்தது. ‘எதற்கு இதெல்லாம்’ என்று யாராவது முகம் சுளித்திருந்தால் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அங்கேயும் கஷாயம் காய்ச்சுகிற மாமியாரும், நல்லெண்ணெயில் கோழி சமைக்கிற அம்மாவும் உன் படிவத்துக்கு முன்னால் குற்றவாளிபோல உட்காரக் கூடாது. நாலு வார்த்தை தைவானிய மொழியில் பேசக் கற்றுக்கொள், அவர்கள் சட்டியைக் காட்டச் சொல்லிப் பார், ஒரு வாய் குடித்தும் பார்.

முடிவு வந்ததும் பத்திரிகைக்கு அனுப்புமுன் அந்தப் பெண்களுக்குச் சொல். எண்ணை மட்டும் கையில் கொடுத்துப் பயமுறுத்தாதே. பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை, சூட்டையும் எண்ணெயையும் பிளாஸ்டிக்கில் வைக்காமல் இருந்தால் போதும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வா, கண்ணு.

அன்புடன்,
உன் அத்தை