தங்கூஸ் நரம்பில் ஒரு யாழ்: சுருதி ஏன் விலகுச்சு?

போன கல்ச்சுரல்ஸில் நானும் என் ரூம்மேட்டும் மேடையில் அசிங்கப்பட்டது உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். அவன் புல்லாங்குழல், நான் வீட்டில் செஞ்ச ஏழு நரம்பு யாழ். முதல் சுரம் சேர்ந்து ஒலிச்சதுமே முன்வரிசையில் ஒருத்தன் காதைப் பொத்தினான். அரை மணி நேரம் முன்னாடி லேபில் ரெண்டும் கச்சிதமா சேர்ந்திருந்தது. நடுவில் என்னதான் ஆச்சு? அதைத் தேடிப் போனதில் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் இந்த ஜோடி? மேற்கத்திய இசையில் ஃப்ளூட்டும் ஹார்ப்பும் சேர்வது ரொம்ப நாளா இருக்கிற வழக்கம். 1778-ல் பாரிஸில் மோசார்ட் இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கன்செர்ட்டோ எழுதினார். கேட்டது ஒரு பிரபு; அவர் ஃப்ளூட் வாசிப்பார், மகள் ஹார்ப் வாசிப்பாள். மாசக்கணக்கில் காசு வரலைன்னு மோசார்ட் அப்பாவுக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கார் (ஃப்ரீலான்ஸ் பண்றவங்க கவனிக்க). 1915-ல் டெபுசி ஃப்ளூட், வயோலா, ஹார்ப் மூணுக்கும் ஒரு சொனாட்டா எழுதினார். சின்ன அறையில், சில பேர் முன்னாடி வாசிக்கிற இசை அது.

காரணம் ஒலியிலேயே இருக்கு. குழல் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும், ஆனா மூச்சு இருக்கிற வரை நீட்டலாம். மீட்டின நரம்பு அந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பிக்கும், ஆனா ஒரே நேரத்தில் நாலஞ்சு சுரம் தரும். ஒண்ணு கோடு போடுது, இன்னொண்ணு புள்ளி வைக்குது. ரெண்டுக்கும் சத்தம் கம்மி, அதனால ஒண்ணு இன்னொண்ணை அமுக்காது.

நம்ம ஊரில் இந்த ஜோடி இன்னும் பழசு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும்போது வாத்தியங்கள் எந்த வரிசையில் நிற்குதுன்னு இளங்கோ சொல்றார்: முதலில் குழல், குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றி தண்ணுமை. இந்த வரிசையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்ப என் யாழ். உவரியில் எங்க சித்தப்பா கடலுக்குப் போறவர். அவர்கிட்ட 0.7 மில்லிமீட்டர் தங்கூஸ் ஒரு சுருள் வாங்கினேன். "மீன் பிடிக்கிற நரம்புல பாட்டா?"ன்னு சிரிச்சார். ஆனா இன்னைக்கு ஹார்ப்பிலேயே நிறைய நரம்பு நைலான்தான். பத்தர், அதாவது ஒலி எழுப்புற குடம், பலா மரத்தில் ஆசாரி குடைஞ்சு கொடுத்தார். அதிலிருந்து வளைஞ்சு மேலே போற கை 'கோடு'. பழைய யாழில் அந்தக் கோட்டில் நரம்பை இறுக்குற கட்டுக்கு 'திவவு'ன்னு பேர். வளைவு அழகுக்காக இல்லை. எல்லா நரம்பும் ஒரே தடிமன், ஒரே இழுவிசைன்னா, அதிர்வெண் நீளத்துக்குத் தலைகீழ் விகிதம். சுரம் ஏற ஏற நரம்பு குட்டையாகணும். வில் மாதிரி வளைச்சா அது தானா அமையுது.

இழுவிசையையும் கணக்கு போட்டேன். நீளமான நரம்பு 50 சென்டிமீட்டர், சுருதி 330 ஹெர்ட்ஸ், அதாவது மூணு கட்டை. 0.7 மில்லிமீட்டர் நைலானின் எடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.44 கிராம். சூத்திரத்தில் போட்டால் ஒரு நரம்புக்கு 48 நியூட்டன், ஏழுக்கும் சேர்த்து 34 கிலோ எடைக்குச் சமம். ஒரு அரிசி மூட்டையைவிட அதிக பாரத்தை அந்த வளைஞ்ச கை ராத்திரி பகலா தாங்கணும். என் முதல் கோடு ரெண்டாம் நாளே விரிசல் விட்டது. 47 நரம்பு உள்ள இன்றைய ஹார்ப்புக்கு ஏன் நேரா ஒரு தூண் வெச்சு முக்கோணமா மூடிட்டாங்கன்னு அப்பதான் உறைச்சது.

சரி, மேடைக்கு வருவோம். லேபில் 32 டிகிரி, ஆடிட்டோரியம் ஏசியில் 22 டிகிரி. குழலின் சுருதியை முடிவு பண்றது உள்ளே இருக்கிற காற்றில் ஒலி போகிற வேகம். அந்த வேகம் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 305 கெல்வினிலிருந்து 295-க்கு வந்தால் வேகம் சுமார் 1.7 சதவீதம் குறையும். லேபில் 671 ஹெர்ட்ஸில் பாடின குழல், மேடையில் 660-க்கு இறங்கிடும். வாசிக்கிறவனின் சூடான மூச்சு குழலைக் கொஞ்சம் காப்பாத்தும், அதனால நிஜத்தில் இறக்கம் இதைவிடக் கம்மி. ஆனாலும் காது கண்டுபிடிச்சிடும். ரெண்டு அதிர்வெண் நெருங்கி நின்னா வித்தியாசம் எத்தனையோ, நொடிக்கு அத்தனை முறை சத்தம் ஏறி இறங்கும். தமிழ் மீடியம் புத்தகத்தில் இதுக்கு 'விம்மல்'னு பேராம். அன்னைக்கு நிஜமாவே விம்மிச்சு.

என் பக்கமும் தப்பு இருந்தது. புது நைலானைக் கட்டினா பல நாளுக்கு இழுபட்டுக்கிட்டே இருக்கும், க்ரீப். ஈரத்தையும் குடிக்கும். நான் நரம்பு மாத்தினது முந்தின நாள் ராத்திரி. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதனால குழலோட மட்டும் இல்லை, ஏழு நரம்பும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலை.

இப்ப அந்த வரிசை. மேற்கத்திய ஃப்ளூட்டில் தலைப்பகுதியை இழுத்து நீளத்தை மாத்தலாம், அதனால ஹார்ப் முன்கூட்டியே சுருதி கூட்டிட்டு வந்தா போதும், ஃப்ளூட் அதுகிட்ட வந்து சேர்ந்துக்கும். நம்ம மூங்கில் குழலில் ஓட்டை போட்டது போட்டதுதான். மாத்தக்கூடியது நரம்பு மட்டும். குழல் முதல், யாழ் அதன் வழின்னு இளங்கோ சொன்ன வரிசைக்கு இசை மரபில் வேற அர்த்தமும் இருக்கலாம். சுருதி கூட்டுற ஒருத்தனுக்கு அது நேரடியான வேலைக்குறிப்பு. நாங்க தலைகீழா பண்ணோம்: யாழை லேபிலேயே முடிச்சிட்டு, குழலை மேடையில் வந்து சேரச் சொன்னோம்.

யாழ் ஏன் போச்சுன்னு கேட்பீங்க. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். சிலப்பதிகார உரை சொல்ற பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. வீணையில் ஒரே தந்தியில் மெட்டு மெட்டா ஏறலாம், தந்தியை ஒதுக்கி கமகமும் கொடுக்கலாம். யாழ் மங்கினதுக்கு இதை முக்கியமான காரணமா சொல்றாங்க, எனக்கும் அது சரின்னு படுது. ஆனா பர்மாவில் அதே வில் வடிவ ஹார்ப் 'சாவுங்' என்ற பேரில் இன்னும் உயிரோட இருக்கு, 16 நரம்போட.

இங்கே அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்தவர் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்பு பக்கம் காரைதீவில் 1892-ல் பிறந்தவர், அறிவியல் ஆசிரியரா இருந்தவர். பழைய நூல்களை வெச்சு யாழின் சுரங்களை எண்களாக்கி எழுதின 'யாழ் நூல்' 1947-ல் வந்தது. அதே வருஷம் ஜூலையில் அவர் காலமானார். தமிழ் படிக்கிறவங்க மட்டும் படிக்கிற புத்தகம்னு நினைச்சிருந்தேன். திறந்தா பக்கம் பக்கமா விகிதமும் பின்னமும். இப்ப சென்னையில் தருண் சேகர் தன் 'உரு' பட்டறையில் யாழைத் திரும்பச் செய்றார், யூடியூபில் கேட்கலாம்.

தீபாவளி லீவில் ரூம்மேட்டை உவரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை அவன் கால் மணி நேரம் சும்மா ஊதிக்கிட்டே இருந்தான், குழல் சூடாகட்டும்னு. அப்புறம்தான் நான் ஒவ்வொரு நரம்பா அவன் சுரத்துக்கு இறுக்கினேன். விம்மல் மெதுவாகி, மெதுவாகி, நின்னது. பத்து நிமிஷம் நல்லா போச்சு. அப்புறம் உப்புக் காத்துல மூணாவது நரம்பு தளர ஆரம்பிச்சது. வலையைத் தைச்சிட்டிருந்த சித்தப்பா நிமிராமலே சொன்னார்: "ஏலே, மூணாவது எறங்கிட்டு, பாரு."