லயத்துக்கு மேலே ட்ரோன்

"249 கிராம்தானே மச்சான், இதுக்கு என்னத்துக்குப் பெர்மிட்?" பதுளையில் ட்ரோன் வைத்திருக்கும் பொடியன்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அந்த 250 கிராம் கணக்கு அமெரிக்க யூடியூப்காரர்களிடமிருந்து வந்தது. இங்கே சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும் என்ன சொல்கின்றன என்று பார்க்காமல் எதையும் கிளப்பக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று, நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை வந்தது. கல்யாண வீடியோ எடுப்பவர்களும் கருவியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதாயிற்று. ஆகவே போன வருடம் படித்த விதியை நம்பி இந்த வருடம் பறக்காதீர்கள். தியத்தலாவையில் இராணுவ முகாமும் விமானப்படை முகாமும் இருப்பதால் அந்தப் பக்கம் ஆசையே வேண்டாம்.

மலையில் உயரக் கணக்கு ஏமாற்றும். திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளப்பது. லிப்டன் சீட்டில் நின்று பள்ளத்துப் பக்கம் விட்டால் திரை 40 மீற்றர் என்று காட்டும், கீழே தேயிலை மலையோ இருநூறு மீற்றருக்கு அப்பால் கிடக்கும். விதி பார்ப்பது தரையிலிருந்து உள்ள உயரத்தை. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறக்கினால் சிக்னல் அறுந்துவிடும்; ட்ரோன் தானாகத் திரும்பிவரப் பார்க்கும். வீடு திரும்பும் உயரத்தை மேட்டையும் அதிலுள்ள மரங்களையும் தாண்டும்படி முன்கூட்டியே வைக்காவிட்டால், அது நேராக மலையில்தான் போய் முட்டும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் ஆடி, ஆவணி வறண்ட காற்று ட்ரோனுக்கு எமன். எதிர்க்காற்றில் திரும்புவதற்கே பாதி பேட்டரி வேண்டும்.

விதிப்புத்தகம் சொல்லாத ஒன்று, குளவி. கொழுந்து பறிக்கும்போது குளவிக் கொட்டுக்கு ஆளாகி உயிர்விட்டவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. கூடுகள் டர்பன்டைன் மரத்து உச்சியிலும் பாறை இடுக்கிலும் தொங்கும். அங்கே ட்ரோன் இரைந்துகொண்டு போய்க் கூடு கலைந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் ரோட்டில் நிற்கிறீர்கள், கூடைக்காரப் பெண்கள் மரத்தடியில் நிற்கிறார்கள். கொழுந்து எடுக்கும் மலையில் ஆள் இருக்கும்போது நான் பறப்பதே இல்லை. மற்ற நேரத்திலும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுக்கொள்வேன். எந்த மரத்தில் கூடு என்பது அவருக்குத் தெரியும்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தப் பூச்சிய பீலிப் பக்கம் விடாதப்பா. பொம்பளப் புள்ளைங்க குளிக்கிற எடம்." தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குளிப்பதும் துவைப்பதும் தலை சீவுவதும் வெளியில்தான். சுவர் கட்டிக்கொள்ள வசதியில்லாதவர்களின் அந்தரங்கத்தை மேலேயிருந்து படம் பிடித்து "அழகிய மலையகம்" என்று போடுவதை என்னால் ரசிக்க முடியவில்லை. தோட்டத்துரையின் அனுமதி நிலத்துக்குத்தான். லயத்துக்குத் தோட்டத் தலைவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆமென்றால் எந்த நேரம் பறக்கிறோம் என்று சொல்லி, பீலியில் ஆளில்லாத நேரத்தில், கமெராவை மலைப் பக்கம் திருப்பி வைத்துக் கிளப்புங்கள். எடுத்ததை அங்கேயே நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். யாராவது வேண்டாமென்றால் அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.