மீன் புரதமும் சர்க்கரை நோயும்

மீன் புரதம் செரிக்கும்போது பெப்டைடு எனும் சிறு துணுக்குகளாக உடைகிறது. இவற்றுள் சில உடலில் இன்சுலின் வேலை செய்யத் துணைபுரிகின்றனவா என்று ஆராயப்பட்டு வருகிறது.

கனடாவின் லாவல் பல்கலைக் கழகத்தில் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுக்கப்பட்டது. பாலின் புரதமான கேசீனைத் தின்ற எலிகளின் தசைகளில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை. காட் என்ற கடல் மீனின் புரதத்தைத் தின்றவற்றுக்கு இக்கோளாறு வரவில்லை. இம்முடிவு 2001-ல் வெளியாயிற்று. இன்சுலின் வேலை குறைந்த சிலருக்கு 4 வாரம் காட் மீன் புரதம் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரிந்ததாக 2007-ல் வெளியாயிற்று. நம் குளத்து மீன்களில் இச்சோதனை நடந்ததல்ல. எனினும் அவையும் நல்ல புரத உணவே.

100 கிராம் ரோகு மீனில் சுமார் 17 கிராம் புரதம் உள்ளது. பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்போர் பிடித்ததை எல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். சோற்றின் அளவைக் குறைத்து, மீனும் காய்கறியும் சேர்த்துக் கொள்ளலாம். குழம்பு வைப்பது நல்லது. பொரித்தால் எண்ணெய் கூடும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரத உணவைக் கூட்ட வேண்டும்.

மீன் மருந்தாகாது. மீன் சாப்பிடுவதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.