துறை தேர்தலும் தன்னை வளர்த்தலும்

தொழினுட்பவியல் கற்கும் மாணவர் ஒருவரிடம், "நீர் எத்துறையைச் சிறப்பாகக் கற்க எண்ணியுள்ளீர்?" என வினவின், அவர் பெரும்பாலும் ஒரு பெயரையே விடையாகக் கூறுவார். கணினியியல் என்பார், மின்னியல் என்பார், கட்டடவியல் என்பார். "அத்துறையிலே உம்மை ஈர்த்த வினா யாது?" என மேலும் வினவின் மௌனமே விடையாகும். இதனை மாணவர் குற்றமென்று கொள்ளலாகாது. துறையைப் பெயர்கொண்டு மதிக்கும் வழக்கம் பெற்றோரிடத்தும் சுற்றத்தாரிடத்தும் ஆழ ஊன்றியுள்ளது. எனினும், நான்காண்டு கற்று நாற்பதாண்டு உழைத்தற்குரிய ஒன்றைப் பெயரளவில் தேர்தல் தகுமோ? சிறப்புத்துறை என்பது ஒரு பட்டப்பெயரன்று. நெடுங்காலம் உடனிருந்து ஆராய ஒருவர் மனமொப்பும் வினாவே அது. இக்கருத்தைச் சில சான்றுகளால் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிகள் பலவாயின

இலங்கைப் பாடசாலைகளிலே உயர்தர வகுப்பிற் தொழினுட்பவியற் பிரிவு 2013ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அப்பிரிவு மாணவர் முதன்முதலாக 2015ஆம் ஆண்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். பொறியியற் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்னும் இரண்டினுள் ஒன்றைத் தெரிந்து, அதனோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானத்தையும் மற்றொரு பாடத்தையும் கற்றல் முறையாகும். ஆகவே, பதினாறு பதினேழு வயதிலேயே மாணவர் ஒரு கவர்வழியின் முன் நிற்கின்றனர். பல்கலைக்கழகம் புகாதார்க்கும் வழி அடைபடவில்லை. தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளை உடையது. சான்றிதழிலே தொடங்கி, ஐந்தாம் ஆறாம் படிகளில் டிப்ளோமாவும் ஏழாம் படியிற் பட்டமும் பெறலாம். வழிகள் பலவாதல் நன்றே. ஆயின் வழி பெருகுந்தோறும் தேரும் பொறுப்பும் பெருகும் என்பதை மறத்தலாகாது.

உப்பளம் என்னும் பாடநூல்

தேர்தற்கு முதலில் வேண்டுவது காணும் பழக்கம். தில்லையடியில் வாழும் மாணவருக்கு இதன்பொருட்டுத் தொலைவிற் செல்லவேண்டிய தேவையில்லை. அண்மையிலே புத்தளம், பாலாவி உப்பளங்கள் உள்ளன. ஒரே உப்பளத்தை நால்வகைக் கண்களாற் காணலாம்.

இரசாயனக் கண்ணுடையார் காண்பது வரிசைமுறை. ஒரு லீற்றர் கடனீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாகச் செறிவு ஏறும். கல்சியங் காபனேற்று முதலிற் படியும். நீர் ஐந்திலொரு பங்களவாகச் சுருங்குகையிற் ஜிப்சம் படியும். பத்திலொரு பங்களவாகுகையிலேயே கறியுப்புப் பளிங்காகத் தொடங்கும். மகனீசிய உப்புக்கள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அக்கசப்பு நீரைக் காலத்தே வெளியேற்றாவிடின், விளைந்த உப்பு ஈரத்தை ஈர்த்துக் கசியும்.

கட்டடவியற் கண்ணுடையார் பாத்தியின் தரையை நோக்குவர். பல நாள் வெயிலாற் செறிவேறிய நீர் தரைவழியே கசிந்தொழியின் உழைப்பு முழுவதும் வீணாம். மணல் நீரை விடுவதும் களிமண் தாங்குவதும் எதனால்? மிதித்து இறுக்கிய களி இறுகாத களியினின்று எவ்வாறு வேறுபடும்? மின்னியல் கற்பார் நீர் இறைக்கும் பம்பிகளையும் அவற்றுக்கு வேண்டிய ஆற்றலையும் கணிப்பர். உயிர்முறைமைகள் கற்பாரோ செறிவேறிய நீர் செந்நிறங் கொள்வதைக் கண்டு, அந்நிறம் உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களால் ஆவதென்றும், அது வெயிலின் வெப்பத்தை மிகுதியாக ஈர்த்து ஆவியாதலை விரைவாக்கும் என்றும் அறிவர்.

இங்ஙனமே, நுரைச்சோலையின் 900 மெகாவாற்று அனல்மின் நிலையமும், கற்பிட்டிக் குடாநாட்டின் காற்றாலைகளும், கடனீரேரியும், ஊர்ப்பெயரிலேயே நிற்கும் தில்லை மரமும் வெவ்வேறு வினாக்களை நம்முன் வைக்கின்றன. இவற்றுள் எவ்வினா வீடு திரும்பிய பின்னும் நும் மனத்தை விடாது பற்றி நிற்கின்றதோ, அதுவே நும் துறையின் வாயில் என்க.

மண்ணைத் தேர்ந்த இருவர்

பாத்தித் தரையின் களிமண்ணைப் பற்றி எழுந்த வினா எளியதாகத் தோன்றலாம். அவ்வினத்து வினாவிலே வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞர் உளர்.

கார்ல் தெர்சாகி என்பார் 1883இற் பிராக் நகரிலே பிறந்தவர். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் அவர் கற்றது இயந்திரப் பொறியியல். படைச்சேவைக் காலத்திலே ஆங்கிலப் புவியியற் கையேடு ஒன்றை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். மண்ணும் பாறையும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பின்னர் இஸ்தான்புல்லிலே கற்பித்த காலத்தில், எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணைச் சோதித்தார். நீர் நிறைந்த களிமேற் பாரமேற்றின், முதலில் அப்பாரத்தைத் தாங்குவது மண்ணிடை நின்ற நீரே. நீர் மெல்ல மெல்ல வெளியேற, பாரம் மண்மணிகளுக்கு மாறுகின்றது. களித்தரைமேல் எழுந்த கட்டடங்கள் பல்லாண்டு தாழ்ந்துகொண்டே செல்வதன் காரணம் இதனால் விளங்கிற்று. 1925இல் அவர் வெளியிட்ட நூல் மண்பொறியியல் என்னும் புதிய துறைக்கே அடித்தளமாயிற்று.

மற்றவர் நம் நாட்டவர். பேராசிரியர் அழகையா துரைராஜா (1934–1994). வடமராட்சியிற் பிறந்து, ஹாட்லிக் கல்லூரியிற் பயின்று, 1957இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பட்டம் பெற்றார். பின்னர் கேம்பிறிட்ஜ் சென்று, மண்பொறியியல் அறிஞர் கென்னத் றொஸ்கோவிடம் ஆராய்ச்சி செய்தார். அவர் எடுத்த பொருள் களியும் மணலும் நெருக்குண்டு சறுக்கும்போது நிகழ்வது யாது என்பதே. மண்மீது செய்யப்படும் வேலையில் எவ்வளவு அதன் கனவளவை மாற்றுவதிற் செல்கின்றது, எவ்வளவு மணிகளின் உராய்விற் செலவாகின்றது என வரவு செலவுக் கணக்குப்போல ஆய்ந்தார். அவ்வாய்வின் பயன், 1963இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்றது. கேம் ஆற்றின் பெயரால் வழங்கும் 'கேம் களி' மாதிரியின் வளர்ச்சியில் அக்கட்டுரைக்குச் சிறப்பிடம் உண்டு.

அவர் தாயகந் திரும்பிப் பேராதனையிற் பொறியியல் கற்பித்தார். 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவ்வாண்டுகள் போரின் கொடுமையும் மின்சாரமும் எரிபொருளும் இன்மையும் சூழ்ந்தவை. ஒரு பிடி களிமண்ணிலே தொடங்கிய கல்வி அவரைக் குறுக்கிவிடவில்லை. ஒன்றைப் பொறுமையோடு ஆழ்ந்து கற்றவர் பலவற்றைத் தாங்கும் வலிமை பெறுவர் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

தேர்தற்குரிய மூன்று உரைகற்கள்

முதலாவது, விருப்பம். பரீட்சை முடிந்த பின்னும் எந்த அதிகாரத்தை நீர் விரித்துப் படிக்கின்றீர் என எண்ணுக. புள்ளிகள் திறமையைக் காட்டலாம், விருப்பத்தைக் காட்டா.

இரண்டாவது, கை. தொழினுட்பவியல் கையாலும் கற்கும் கல்வி. பட்டறையிலோ ஆய்கூடத்திலோ தோட்டத்திலோ ஒரு செயல் பிழைத்தபோது, மீண்டும் செய்து பார்க்கத் தூண்டுவது எத்தொழிலோ, அதுவே நுமக்குப் பொருந்துவது.

மூன்றாவது, பயன். நும் கல்வி யாருடைய இடரைத் தீர்க்கும்? இவ்வினாவுக்கு விடை கூறக்கூடியவர் இடைவழியிற் சோர்ந்து நில்லார்.

வருவாயும் வேலைவாய்ப்பும் கருதற்பாலன அல்லவோ எனின், கருதற்பாலனவே. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றைக் கருதாதே என்றுரைப்பது நேர்மையன்று. ஆயின் இன்று விரும்பப்படும் தொழில் பத்தாண்டில் மாறக்கூடும். கணிதமும் அடிப்படை விஞ்ஞானமும் மொழித்திறனும் அங்ஙனம் மாறா. இவற்றை உறுதியாகப் பற்றியவர் துறை மாறவேண்டி வரினும் அஞ்சவேண்டியதில்லை. இயந்திரப் பொறியியலிலிருந்து மண்ணுக்கு வந்த தெர்சாகியை நினைக. ஆராய்ந்து மாறுதல் இழுக்கன்று. ஆராயாது தொடர்தலே இழுக்கு.

மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும்

மாணவர்காள்! ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. கண்ட பொறி, எழுந்த ஐயம், கேட்ட விளக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதுக. ஓராண்டு கழித்து அதனைப் புரட்டின், நும் கையெழுத்தே நும் துறையைக் காட்டும்.

பழைய மாணவர்களாகிய அன்பர்காள்! நூல்நிலையத்துக்கு நூலும் மண்டபத்துக்கு நிதியும் தருகின்றீர்கள், அது போற்றற்குரியது. அதனோடு ஆண்டில் ஒருநாள் ஒரு மாணவரை நும் பணியிடத்துக்கு அழைத்துச் சென்று, காலை முதல் மாலை வரை உடனிருத்துக. துறையின் பெயரை மட்டும் அறிந்த பிள்ளை அதன் வியர்வையையும் மகிழ்ச்சியையும் அன்று கண்ணாரக் காணும். அங்ஙனம் கண்டு தேர்ந்த கல்வி நிலைக்கும். அத்தகைய பிள்ளைகளால் இக்கல்லூரியும் இக்கரையும் மேன்மையுறும்.