அண்டை வீட்டாரின் வணக்கம்

ஈஜிபுராவில் இந்தி பேசும் ஜைன அன்பர் ‘ஜெய் ஜினேந்திரா’ என்று கைகூப்பினால், நாமும் அதையே திருப்பிச் சொல்வது முறை. ‘ஜினர்’ என்றால் வென்றவர். நாட்டை அல்ல, சினத்தையும் ஆசையையும்.

இன்னொரு சொல்லும் உண்டு. ஆகஸ்ட்–செப்டம்பரில் பர்யூஷண் நோன்பு நிறைவுறும் சம்வத்சரியன்று சுவேதாம்பர ஜைனர்கள் ‘மிச்சாமி துக்கடம்’ என்பார்கள். இது இந்தி அன்று, பிராகிருதம். ‘நான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும்’ என்பது பொருள். “என்ன தப்பு செய்தீர்கள்?” என்று கேட்டுவிடாதீர்கள். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு ஆண்டுதோறும் கேட்கும் மன்னிப்பு இது. அதே சொல்லால் நாமும் மன்னிப்புக் கேட்கலாம்.

தண்ணீருக்காகவும் வண்டி நிறுத்தும் இடத்துக்காகவும் சண்டையிட்டுப் பேச்சை விட்ட வீடுகள் மீண்டும் பேச, இதைவிட நல்ல நாள் ஏது?