வேலியோரத்துச் செண்டுடுக்

லாபிஸ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண்சாலைகளில் நடந்து செல்வோர் கண்ணில் ஊதா நிறப் பூக்கள் நிறைந்த ஒரு புதர் அடிக்கடி படும். மலாய் மொழியில் அதன் பெயர் செண்டுடுக். அதை யாரும் விதைப்பதில்லை. அதற்கு யாரும் நீர் ஊற்றுவதுமில்லை. வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும் பல்லாண்டுச் செடி அது; இந்த மண்ணுக்கே உரியது. ஆயினும், தோட்டக்காரர்கள் பார்வையில் அது வெறும் களை. கத்திக்கும் களைக்கொல்லிக்கும் அதுவே முதலில் இரையாகிறது.

செண்டுடுக்கின் முதிர்ந்த காய் தானே வெடிக்கும். உள்ளே கருஊதா நிறத்தில் சதை தெரியும். அதைத் தின்ற சிறுவர்களின் நாக்கு கறுத்துப்போகும். அச்செடிக்கு வழங்கும் ‘மெலஸ்தோமா’ என்ற அறிவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘கறுத்த வாய்’ என்பதே பொருள்.

பழத்தைவிட வியப்பானது அதன் பூ. காலையில் விரியும் பூ ஒரே நாளில் வாடிவிடும். அதில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. பத்து மகரந்தத் தாள்களுள் ஐந்து குட்டையானவை, மஞ்சள் நிறம். மற்ற ஐந்தும் நீண்டு வளைந்தவை, ஊதா நிறம். மகரந்தமோ பைக்குள் அடைபட்டிருக்கும். பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் அது வெளியேற முடியும்.

அதை வெளியேற்றத் தெரிந்தது தச்சுத் தேனீ. கரிய பெரிய உடலைக் கண்டு பலர் அதை வண்டு என்றே எண்ணுவர். மலேசியாவில் காணப்படும் ஒரு வகை 3 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். பூவில் அமர்ந்ததும் அது மஞ்சள் தாள்களைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை அதிரச் செய்யும். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாகக் கொட்டும். தேனீயின் கவனம் மஞ்சள் தாள்களில் இருக்க, நீண்ட ஊதாத் தாள்கள் அதன் உடலில் மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேருவது அந்த மகரந்தமே. கூட்டில் வளர்த்துத் தேன் எடுக்கும் தேனீக்களுக்கு இவ்வாறு அதிரச் செய்யும் வித்தை தெரியாது.

செம்பனைக்குத் தச்சுத் தேனீயின் உதவி தேவையில்லை. முன்பு தோட்டத் தொழிலாளர்கள் அதன் பாளைகளில் மகரந்தத்தைக் கையால் தூவினர். 1981இல் ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்டு, ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் விடப்பட்டது. அதன்பின் அவ்வேலையை அந்த வண்டே செய்கிறது. ஆனால், வீட்டுக் கொல்லையில் வளரும் கத்தரியின் நிலை வேறு. கத்தரிப்பூவின் மகரந்தப்பையும் நுனித் துளை வழியாகவே மகரந்தத்தை வெளியிடும். காற்றில் ஆடினாலே செடி ஓரளவு காய்க்கும். பூவை அதிரச் செய்யும் தேனீ வந்தாலோ நன்கு காய்க்கும். கத்தரி பூக்காத மாதங்களிலும் அந்தத் தேனீக்கு உணவு வேண்டுமே! ஆண்டு முழுவதும் பூக்கும் செண்டுடுக் அதைத் தருகிறது. களையை முற்றாக ஒழித்த பின்னர், காய் குறைந்துவிட்டதே என்று உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

இச்செடியை வளர்ப்பது எளிது. நல்ல வெயில் படும் இடமே ஏற்றது. அது புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்புவதால் சுண்ணாம்பு இடக்கூடாது. பழத்தை நீரில் பிசைந்தால் தூள் போன்ற விதைகள் பிரியும். அவற்றை ஈரமண்ணின் மேல் தூவினால் போதும். புதைத்தால் வெளிச்சம் கிடைக்காமல் முளைக்காது. பொறுமை இல்லாதவர்கள் பாதி முற்றிய கிளையை விரல் நீளத்திற்கு நறுக்கி, நிழலில் ஈரமணலில் நடலாம். பூக்கள் புதுத் துளிரின் நுனியில் மலர்வதால் அவ்வப்போது கவாத்து செய்வது நல்லது. பறவைகள் பழத்தைத் தின்று விதைகளைப் பரப்புவதால், வேண்டாத இடத்தில் முளைக்கும் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வேலியோரத்தில் இரண்டு மூன்று புதர்கள் போதும். பூக்கள் விரிந்திருக்கும் காலை வேளையில் அருகே மருந்து தெளிக்கக்கூடாது.

தச்சுத் தேனீக்கு உணவோடு குடியிருக்க இடமும் வேண்டும். காய்ந்த மரத்தில் துளையிட்டுத்தான் அது முட்டையிடும். ஆகவே, பட்டுப்போன கிளை ஒன்றையோ பழைய வேலிக்கம்பத்தையோ அப்படியே விட்டுவைக்கலாம். வீட்டு மரச்சட்டத்தைத் துளைத்துவிடுமோ என்று அஞ்சுவோர் அதற்குச் சாயம் பூசலாம். சாயம் பூசிய மரத்தை அது பெரும்பாலும் நாடுவதில்லை.