நீராவி வந்தபோது நாம் இழந்ததும் பிழைத்ததும்: பினாங்குத் துறைமுகம் தரும் வியாபாரப் பாடம்

சபர் என்னும் சொல் நம் மக்களின் வாழ்வோடு ஒட்டிய சொல். பினாங்குக்குச் சபர் போன பாட்டனாரைப் பற்றி நாகூரிலும் காரைக்காலிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ வீடுகளில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அவர் எந்தக் கப்பலில் போனார், அந்தக் கப்பல் யாருக்குச் சொந்தம் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. அதை இங்கே சற்று ஆராய்வோம். பழம்பெருமை பேசுவது நமது நோக்கமன்று. வியாபாரிக்கு வேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

காற்றை நம்பிய காலம்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டியபோது நம் முன்னோருக்கு இந்தக் கடல் புதிதன்று. சோழமண்டலக் கரையின் துணிகளை ஏற்றிக்கொண்டு கெடாவுக்கும் அச்சேவுக்கும் அவர்கள் ஏற்கெனவே போய் வந்துகொண்டிருந்தார்கள். அக்கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டு வருகின்றன என்று 1794இல் லைட் தமது அறிக்கையில் எழுதினார். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்தக் காலத்துச் செல்வாக்குக்கு இன்றும் சாட்சியாக நிற்கிறது.

அந்நாளில் கப்பல்களில் பல நம்மவர்களுக்கே சொந்தம். நாகுதாவும் நம்மவர், மாலுமியும் நம்மவர், சரக்கும் நம்முடையது. ஆனால் கணக்கை எழுதியது காற்று. கச்சானைப் பிடித்துக் கிழக்கே போக வேண்டும்; வாடையைப் பிடித்துத் திரும்ப வேண்டும். பருவம் தவறினால் சரக்கும் தவறும். கடிதத்துக்குப் பதில் அடுத்த பருவத்தில்தான்.

தேதி தவறாத கப்பல்

1845இல் பி அண்ட் ஓ கம்பெனி இலங்கையின் காலித் துறையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரை தபால் கப்பல் ஓட்டத் தொடங்கியது. லண்டன் தபால் 41 நாட்களில் சிங்கப்பூர் சேர்ந்தது. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கிய கம்பெனி 1862இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்டு வளர்ந்தது. 1869 நவம்பர் 17ஆம் தேதி சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவும் அருகில் வந்துவிட்டது.

பாய்மரத்தை வீழ்த்தியது நீராவியின் வேகம் மட்டுந்தானா? இல்லை. பாய்க்கப்பலுக்கு நிலக்கரிச் செலவு கிடையாது. கூலியும் குறைவாகக் கேட்க முடிந்தது. அதனால் முடியாதது ஒன்றே: இன்ன தேதிக்கு வருவேன் என்று சொல்ல முடியாது. தேதி நிச்சயமானால் கடன் தவணை நிச்சயமாகும், உண்டியல் நிச்சயமாகும், சரக்கைக் கிட்டங்கியில் தேக்கி வைக்கும் செலவு குறையும். வியாபாரி தேதிக்குத்தான் விலை கொடுத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. நீராவிக் கப்பல் கம்பெனிகளுக்கு அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தப் பணம் கிடைத்தது. சரக்கு குறைந்த மாதத்திலும் அவை தாக்குப்பிடித்தன. கப்பலின் விலை, நிலக்கரிக் கிடங்கு, பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முதல் போதாது. தகப்பனும் மகனும் மைத்துனனும் சேர்ந்து கப்பல் நடத்திய முறை அங்கேதான் தோற்றது.

கப்பலோடு ரயிலும் கைகோத்துக்கொண்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், 1862இல் திருச்சி வரையிலும் ரயில் ஓடியது. உள்நாட்டு மனிதன் வண்டியில் வந்து இறங்கி, படகேறி, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலைப் பிடித்தான். மலாயாவில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது. 1909க்குள் பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயிலில் போக முடிந்தது.

தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்

பினாங்குத் தீவில் 1907இல் மணிக்கூண்டோடு கட்டிய ரயில்வே கட்டிடம் ஒன்று இருக்கிறது. அங்கே டிக்கெட் வாங்கலாம்; ரயில் ஏற முடியாது. டிக்கெட் வாங்கியவர் படகில் கால்வாயைக் கடந்து பிறைக்குப் போய் வண்டி ஏறினார். 1967இல் பிறையின் இடத்தைப் பட்டர்வொர்த் நிலையம் பிடித்தது. பழைய கட்டிடம் இன்று சுங்க இலாகாவின் கையில் இருக்கிறது.

வியாபாரி கவனிக்க வேண்டிய கட்டிடம் இது. கப்பலை விட்டு இறங்கியவன் ரயில் ஏறும்வரை நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் அவனுக்குப் பசிக்கும். பணம் மாற்ற வேண்டும். பெட்டி தூக்க ஆள் வேண்டும். ஓர் இரவு தங்க இடம் வேண்டும். கப்பலை இழந்த நம் மக்கள் பிழைத்தது இந்த இடைவெளியில்தான். நாணய மாற்று, கப்பல்களுக்குச் சாமான் கொடுத்தல், தொங்கான்களில் ஏற்று இறக்கு, சாப்பாட்டுக் கடை என்று அவர்கள் கால் ஊன்றினார்கள். அச்சேத் தெருவில் ஹஜ்ஜுப் பிரயாணிகளுக்கு டிக்கெட்டும் தங்குமிடமும் ஏற்பாடு செய்வதே பெரும் தொழிலாக வளர்ந்தது. தோளில் காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து துறைமுகத் தொழிலாளிக்கு விற்றது நாசி கண்டார் ஆயிற்று.

இரண்டு வழிகள்

கப்பலை இழந்தவனுக்கு எதிரே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பலர் முதலைச் சேர்த்துக் கப்பல் வாங்குவது. 1907இல் பினாங்குச் சீன வணிகர்கள் ஈஸ்டர்ன் ஷிப்பிங் கம்பெனியை அப்படித்தான் அமைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டிலேயே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்குக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே எடுத்துக்கொண்டார் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். 1911இல் கம்பெனி கலைந்தது. பினாங்குக் கம்பெனியும் 1922இல் ஸ்ட்ரெய்ட்ஸ் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கூட்டு முதல் அவசியம். ஆயினும் எதிரியைவிட நீண்ட நாள் நஷ்டம் தாங்கும் சக்தியும் அதோடு வேண்டும் என்பதே இவ்விரண்டும் காட்டுவது.

இரண்டாவது வழி, பிரயாணத்தை ஏற்பாடு செய்து கொடுப்பது. இங்கிலாந்தில் தாமஸ் குக் 1841இல் லெஸ்டர் நகரிலிருந்து லப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டம் அழைத்துப் போனார். அந்த ரயில் அவருடையதன்று. 1872இல் கப்பலும் ரயிலும் இணைத்து உலகத்தையே சுற்றிக் காட்டப் புறப்பட்டபோதும் அவர் நம்பியது பிறர் கப்பல்களையும் பிறர் ரயில்களையுமே. அவர் விற்றது கவலையில்லாத பிரயாணம். நம்மவர் பினாங்கில் சில்லறையாகச் செய்ததை அவர் மொத்தமாகச் செய்தார். நம்மிடம் குறைந்தது திறமையன்று. ஒன்று சேர்ந்து ஒரே பெயரில் செய்யும் ஏற்பாடு.

இன்றைய கேள்வி

1926இல் கட்டிய ரஜூலா, 5,000க்கு மேற்பட்ட மேல்தளப் பிரயாணிகளை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல தலைமுறை அதில் போய் வந்தது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலில் 1985இல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பிரயாணமும் முடிந்தது. விமானம் நீராவியையும் வென்றுவிட்டது.

ஆனால் துறைமுகம் ஓய்ந்துவிடவில்லை. சுவெட்டன்ஹாம் துறையில் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. கூலித் தொழிலாளியின் பசிக்காகப் பிறந்த நாசி கண்டாரைத் தேடி வெளிநாட்டார் வரிசையில் நிற்கிறார்கள். மறுபடியும் ஒரு பிரயாணி இறங்குகிறான். மறுபடியும் ஓர் இடைவெளி திறக்கிறது. அவனை அழைத்து வருவதும், தங்க வைப்பதும், ஊர் காட்டுவதும் யார் கையில் இருக்கின்றன? நமது பங்கு ஒரு தட்டுச் சோற்றோடு நின்றுவிடலாமா?

வாகனம் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்க எந்த வியாபாரியாலும் ஆகாது. பிரயாணிக்கு அடுத்து என்ன தேவை என்பதை முன்கூட்டி அறிவதும், அதைத் தனித்தனியே செய்யாமல் கூடிச் செய்வதும் நம் கையில் இருக்கின்றன. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை எடுத்துப் பேசினால் இக்கட்டுரை எழுதிய பயன் கிட்டும்.